நாளைக்கு அக்கா

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அந்தப் பெயருக்கு வேலை இருந்ததில்லை. வரிசையில் நிற்பவர்கள், எதிரே டீயும் சேர்த்து விற்கும் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பக்கத்து ஜன்னல்காரர்கள், ஏன், வீட்டில் மாமனார்கூட ‘நாளைக்கு’ என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் மரியாதை உள்ளவர்கள் ‘நாளைக்கு அக்கா’ என்பார்கள்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஜன்னலுக்கு வருகிறவர் காகிதங்களை நீட்டுவார். அக்கா மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எங்கே முதல் குறை கண்ணில் படுகிறதோ அங்கே கை நின்றுவிடும்.

“அப்பாவோட அடையாள அட்டை நகல் இல்லை. நாளைக்கு வாங்க.”

அந்த ஆள் மறுநாள் நகலோடு வருவார். அக்கா மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்து, நேற்று நின்ற இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு தாள் புரட்டுவார்.

“ஆஸ்பத்திரிச் சீட்டுல முத்திரை இல்லையே. நாளைக்கு வாங்க.”

அதற்கடுத்த நாள் கல்யாணப் பதிவு நகல். அதற்கும் அடுத்த நாள், படிவத்தில் ஒரு கையெழுத்து. ஜெராக்ஸ்காரர் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்: “குழந்தை பிறந்த கையோட எழுதிக் குடுத்துடுங்க. பல் முளைக்கிறதுக்குள்ள சான்றிதழ் வந்துடும்.”

அக்கா கெட்டவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. காலையில் அலுவலகக் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்பார். யாரிடமும் கை நீட்டியதில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெறும் அவசரத்தில் இருந்தார். மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டே சொன்னார்: “பாரும்மா, ஒரு குறை கண்டா நிறுத்திடு. அதுக்கு மேல பார்த்தா உனக்குத்தான் நேரம் போகும். ‘நாளைக்கு வாங்க’ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடு.” பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவின் உத்தியோகப் பயிற்சி அத்தோடு முடிந்தது.

அந்த வழி தப்பென்று அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை. சொல்லப்போனால் பாராட்டுத்தான் கிடைத்தது. வாசலில் உதவியாளர் ஒருவர் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார். சாயங்காலம் ஒவ்வொரு ஜன்னலிலும் சேர்ந்த டோக்கன்களை எண்ணி மேலாளரிடம் சொல்வார். மூன்றாவது ஜன்னல்தான் எப்போதும் முதலிடம். மேலாளர் மற்ற இரண்டு ஜன்னல்காரர்களையும் கூப்பிட்டு, “அவங்களைப் பாருங்க, மெஷின் மாதிரி. நீங்களும் இருக்கீங்களே” என்பார். மற்ற இருவரும் அக்காவை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அக்காவுக்கு அந்தப் பாராட்டைவிட வேறொன்று முக்கியம். அலுவலகத்திலிருந்து வீடு ஒரே ஒரு தெரு தள்ளி இருந்தது. மதிய இடைவேளையில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் மாமனாருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

மாமனார் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. ஆனால் தொண்டை சரியாக வேலை செய்யாது. சாதத்தைக் கூழாகக் குழைத்து, தலையை நிமிர்த்தி, தாடையை லேசாகக் கீழே சாய்த்து, சின்னக் கரண்டியால் நல்ல பக்கத்தில் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அக்காவையும் அவர் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் தான் செய்துகாட்டி, பிறகு அவர்களைச் செய்யச் சொல்லி, தப்பு வந்த இடத்தில் கையைப் பிடித்துத் திருத்திக் கற்றுக்கொடுத்தார். அது இன்றுவரை பிசகியதில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா ஆசையாக ஊட்டப்போய், மாமனாருக்கு மூச்சு முட்டிக் கண் பிதுங்கிவிட்டது. அதற்குப் பிறகு வேறு யாரையும் கரண்டி தொட விட்டதில்லை. கணவர் பேருந்து ஓட்டுகிறார், விடிவதற்குள் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஆகவே மதியம் அக்கா வந்தால்தான் மாமனாருக்குச் சாப்பாடு.

இந்த ஏற்பாட்டில்தான் கல் விழுந்தது.

மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பொதுமக்களோடு நேரடியாகப் பழகும் ஊழியர்களில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். புகார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி மூன்றாவது ஜன்னலைப் பற்றி இருந்தது. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார்.

“உங்க வேலையில குறை சொல்ல மாட்டேன். டோக்கன் கணக்கே சொல்லுது. பேச்சுதான் கொஞ்சம் முள்ளா இருக்கு போல. போய்ட்டு வாங்க.”

“சரிங்க சார்.”

“இன்னொண்ணு. பயிற்சிக்குப் போனவங்க வேலை எப்படி இருக்குன்னு ஒரு மாசம் கழிச்சு ஆணையர் மேடம் பார்ப்பாங்க. முன்னேற்றம் இல்லைன்னா தண்ணித்தொட்டி ஸ்டோருக்கு மாத்திடுவாங்களாம். அங்க ஆள் இல்லாம கிடக்கு. உங்களுக்கு எதுக்குக் கவலை? இதே மாதிரி ஓட்டுங்க.”

குழாய்ச் சாமான்கள் வைக்கும் தண்ணீர்த்தொட்டி ஸ்டோர் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கிருந்து மதியம் வீட்டுக்கு வந்துபோவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

பயிற்சி நாட்களில் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டார். அக்கா தண்ணீர் பாட்டிலோடும் வேண்டாவெறுப்போடும் போய் உட்கார்ந்தார். பல நகராட்சிகளிலிருந்து வந்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே எழுத்துத்தான்: எப்போ முடியும்? சின்ன வயதுப் பயிற்சியாளர் ஒருத்தி வந்து நின்றாள். சிரித்த முகமாக இருக்க வேண்டும், பணிவாகப் பேச வேண்டும் என்றுதான் பாடம் எடுக்கப்போகிறாள் என்று அக்கா நினைத்தார். அவளோ ஒரு கட்டுக் காகிதங்களைப் பிரித்து ஆளுக்கொரு உறை கொடுத்தாள்.

“இன்னிக்கு நீங்கள்லாம் பொதுமக்கள். இந்த உறையில உங்க காகிதங்கள் இருக்கு. அந்தக் கோடியில உங்களை மாதிரியே ஜன்னல் வேலை பார்க்கிற ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. ஏதாவது குறைஞ்சா என் மேஜையில வந்து வாங்கிக்கலாம். வாங்கினவங்க சாப்பிடப் போகலாம்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தார்.

கோடி மேஜையில் உட்கார்ந்திருந்தவர் வேறொரு நகராட்சியின் எழுத்தர், கண்ணாடி போட்டவர். அக்காவின் உறையை வாங்கினார். மேலிருந்து புரட்டினார். இரண்டாம் தாளில் கை நின்றது.

“அம்மாவோட அடையாள அட்டை இல்லை. நாளைக்கு வாங்க.”

‘நாளைக்கு’ என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசை வெராந்தா வரைக்கும் நீண்டிருந்தது. மேலே மின்விசிறி இல்லை. அக்கா பயிற்சியாளரிடம் போய் அந்த நகலை வாங்கிக்கொண்டு மறுபடி நின்றார். முறை வந்தது.

“முத்திரை இல்லை. நாளைக்கு வாங்க.”

“ஏன் சார், இதை அப்பவே சொல்லக் கூடாதா?”

“அப்ப பார்க்கலைம்மா.”

“பார்த்திருக்கலாமே!”

“பின்னாடி நிக்கிறவங்களுக்கு வழி விடுங்க.”

மூன்றாவது முறை வந்தபோது அக்காவின் கால் கடுத்தது. பக்கத்து அறையிலிருந்து சாப்பாட்டு வாசனை வந்தது. உறையை நீட்டும்போது குரலே மாறியிருந்தது.

“சார், இனிமே எல்லாம் சரியா இருக்குங்களா? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க சார்.”

கண்ணாடிக்காரர் புரட்டினார். “கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சே.”

“இது ஒண்ணுதானே சார்? இது ஒண்ணுதானே?”

அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அக்காவுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. வெறும் விளையாட்டு, கையில் இருப்பது யாரோ கற்பனையாக எழுதிய குழந்தையின் பெயர் என்பதெல்லாம் மறந்துபோய், அந்த மேஜையைப் புரட்டிப் போடலாமா என்று வந்தது. பிறகு ஒரு கணம் அந்தக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். மனிதர் வியர்த்து விறுவிறுத்து, யாரையும் ஏமாற்றாமல், தனக்குத் தெரிந்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். அக்காவுக்கு என்னவோ போலாகிவிட்டது. அன்று சாப்பாடு கிடைத்தபோது அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் பயிற்சியாளர் அதிகம் பேசவில்லை. “முதல் குறையில நிறுத்தாதீங்க. கடைசித் தாள் வரைக்கும் பாருங்க. என்னென்ன வேணுமோ அத்தனையும் ஒரே தடவையில எழுதிக் குடுத்துடுங்க. அவ்வளவுதான்” என்றாள். மறுநாள் அதையே ஒவ்வொருவரையும் செய்யச் சொல்லி, விட்டுப்போன இடத்தைச் சுட்டிக்காட்டினாள். அக்காவுக்கு நர்ஸம்மா ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து ஜன்னலில் உட்கார்ந்த அக்கா, கற்றதை அப்படியே செய்தார். ஒவ்வொருவரின் காகிதத்தையும் கடைசி வரை பார்த்தார். குறைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, “இதெல்லாம் இருந்தா ஒரே தடவையில முடிஞ்சிடும்” என்று நீட்டினார். முதல் வாரம் ரகளைதான். பழைய வேகம் போய்விட்டது. வரிசை வாசற்படியைத் தாண்டி வெயிலுக்கு வந்தது.

“என்னக்கா, எழுத்துக்கூட்டிப் படிக்கிறீங்களா?” என்று ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“இந்த அம்மா பயிற்சிக்குப் போனாங்களா, தூங்கப் போனாங்களா?” என்றார் இன்னொருவர்.

சாயங்காலம் உதவியாளர் டோக்கன்களை எண்ணிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அக்கா, பாதிகூடத் தேறலையே.”

அடுத்தடுத்த வாரங்களில் வரிசை மெல்லக் குறைந்தது. சத்தமும் அடங்கியது. ஆனால் டோக்கன் கூடவில்லை. வருகிற ஆட்களே குறைந்துவிட்டார்கள். சில நேரம் ஜன்னலுக்கு முன்னால் யாரும் இல்லாமல் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஜன்னல்காரர் எட்டிப் பார்த்து, “என்ன நாளைக்கு, கடையில வியாபாரம் இல்லையா? ஸ்டோர்ல காத்து நல்லா வருமாம்” என்றார். மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னம்மா இது? மெஷின் மாதிரி இருந்தீங்க. அனுப்பி வெச்சதுக்கு அப்புறம் பாதியா இறங்கிட்டீங்க. ஆய்வுல நான் என்னன்னு சொல்றது?”

“முழுசாப் பார்க்கிறேன் சார்.”

“பாருங்க, வேணாங்கல. வேகமாப் பாருங்க. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அதான் முன்கூட்டியே சொல்றேன்.”

அன்று மதியம் கரண்டியிலிருந்து கொஞ்சம் கூழ் மாமனாரின் மடியில் சிந்தியது. மாமனார் கவனித்துவிட்டார்.

“என்ன, வண்டி உதறுது?”

“ஒண்ணுமில்லை மாமா. என்னை மாத்திடுவாங்க போல.”

“எங்க?”

“தண்ணித்தொட்டிக்கு.”

மாமனார் விழுங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அப்போ மதியச் சாப்பாடு?” என்றார். பிறகு அவரே, “சரி விடு. நாளைக்குச் சாப்பிட்டுக்கறேன்” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அக்கா பழைய வழிக்குத் திரும்பினார். முதல் குறையில் கையை நிறுத்தினார். “நாளைக்கு வாங்க. அடுத்த டோக்கன்.” வாய் அந்தச் சொற்களை மறந்திருக்கவில்லை. எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடியது. உதவியாளர் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

நடுவில் ஒருவர் வந்தார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், நகக்கண்ணெல்லாம் வெள்ளை. மகளைப் பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் வேண்டும் என்றார். மூன்றாவது தாளில் குறை இருந்தது.

“ஆஸ்பத்திரிச் சீட்டு நகல் இல்லை. நாளைக்கு வாங்க.”

அவர் சண்டை போடவில்லை. காகிதங்களை வாங்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

“அக்கா, இது ஒண்ணுதானேக்கா? நாளைக்கு ஒரு நாள்தான் மேஸ்திரிகிட்ட சொல்ல முடியும். அதுக்கு மேல போனா வேற ஆளைப் போட்டுடுவாரு.”

அக்காவின் காதில் அது தன் குரலாகவே கேட்டது. வெராந்தாவில் கால் கடுக்க நின்றதும், கண்ணாடிக்காரர் பதில் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் கண்முன்னால் வந்தன. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“குடுங்க இப்படி” என்றார் அக்கா. கடைசித் தாள் வரை பார்த்தார். இன்னும் மூன்று குறைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எழுதி, எது எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லிச் சீட்டை நீட்டினார். “நாளைக்கு இதையெல்லாம் எடுத்துட்டு வாங்க. நாளைக்கே முடிச்சுக் குடுத்துடறேன்.”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அக்கா அடுத்தவரின் காகிதத்தையும் கடைசி வரை பார்த்தார். ஸ்டோருக்கு அனுப்பினால் அனுப்பட்டும், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தேறியது கொஞ்சம்தான். அந்த அம்மாவுக்குப் பொறுமை கிடையாது என்பது அவருக்கே தெரியும்.

ஆய்வு நாள் வந்தது. மேலாளரின் அறையில் ஆணையர் உட்கார்ந்திருந்தார். மேலாளர் கணக்கை வாசித்தார். மூன்றாவது ஜன்னல் வந்ததும் குரல் தணிந்தது. ஆணையர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“பயிற்சிக்குப் போனா கூடணும். உங்களுக்கு மட்டும் பாதியாகியிருக்கே?”

“மேடம், முன்னாடி ஒரு குறை பார்த்தா அனுப்பிடுவேன். இப்போ முழுசாப் பார்த்து, எல்லாத்தையும் சொல்லி அனுப்பறேன்.”

“அப்போ ஒரு ஆளுக்கு நேரம் அதிகம் எடுக்குது.”

“ஆமாங்க மேடம்.” அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. வருகிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்று சொன்னால், வேலைக்கு ஆள் தேவையில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம் வேறு.

அந்த நேரத்தில் வெளியே கூச்சல் கேட்டது. “உள்ள கூட்டம் நடக்குது, போகக் கூடாது” என்று உதவியாளர் கெஞ்சுவதும், “கூட்டம் நடந்தா நல்லதுதான், அவங்ககிட்டயே சொல்றேன்” என்று இன்னொரு குரலும். கதவைத் தள்ளிக்கொண்டு ஜெராக்ஸ்காரர் நுழைந்தார், பின்னாலேயே உதவியாளரும்.

“வணக்கம் மேடம். ஒரு புகார். மூணாவது ஜன்னல் மேல.”

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். இது ஒன்றுதான் பாக்கி என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

“என்ன புகார்?” என்றார் ஆணையர்.

“எங்க கடை எதிர்லதான் மேடம். முன்னெல்லாம் ஒரு சான்றிதழுக்கு ஒரு ஆள் நாலஞ்சு தடவை வருவாங்க. ஒவ்வொரு தடவையும் நம்ம கடையில ஒரு நகல், ஒரு டீ. நல்லாப் போய்ட்டு இருந்துச்சு. இந்த அக்கா எங்கயோ போய் என்னத்தையோ கத்துக்கிட்டு வந்துச்சு. இப்போ எல்லாத்தையும் ஒரே சீட்டுல எழுதிக் குடுத்துடுது. வர்றான், மொத்தமா எடுத்துட்டுப் போறான், மறுபடி ஆளைக் காணோம்! ஒரு ஆளு ஒரே தடவை வந்தா நான் எப்படி மேடம் பொழைக்கிறது?”

ஆணையரின் உதட்டோரம் துடித்தது. உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். “டோக்கன் குடுக்கும்போது, ஏற்கெனவே வந்தவரா, புதுசான்னு கேட்பீங்களா?”

“இல்லைங்க மேடம். கை நீட்டினா டோக்கன்.”

மேலாளர் கையிலிருந்த கணக்கை மேஜையில் வைத்தார். “அப்படின்னா மேடம்...” என்று மெதுவாகச் சொன்னார், “முன்னாடி நாம பாராட்டினது ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எண்ணித்தானா?” யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே வந்து சேர்ந்த இடம் அது. சொல்லிவிட்டுச் சங்கடமாகச் சிரித்தார்.

“இன்னியிலேர்ந்து டோக்கனை எண்ண வேணாம். எத்தனை சான்றிதழ் முடிஞ்சுதுன்னு எண்ணுங்க” என்றார் ஆணையர். “மத்த ரெண்டு ஜன்னல்லயும் இதே கதைதானே? அவங்களையும் பயிற்சிக்கு அனுப்புங்க. ஸ்டோருக்கு வேற ஆள் பாருங்க.”

“என் புகாரு மேடம்?” என்றார் ஜெராக்ஸ்காரர்.

“உங்க புகார் மாதிரி ஒரு புகார் இதுவரைக்கும் எனக்கு வந்ததில்லை. ரொம்ப நன்றி” என்றார் ஆணையர். ஜெராக்ஸ்காரருக்குப் புரியவில்லை. நன்றி சொன்னதால் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நம்பி வெளியே போனார். அடுத்த வாரம் கடையில் புகைப்படம் எடுக்கத் திரை கட்டினார். “என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேக்கா” என்று இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார், ஆனால் டீ கொடுக்காமல் விடுவதில்லை.

பக்கத்து ஜன்னல்காரர்களுக்குத்தான் எரிச்சல். “உன்னால எங்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்க” என்றார்கள். “சாப்பாடு உண்டு. சீக்கிரம் கிடைக்காது” என்றார் அக்கா. அவர்கள் போன நாட்களில் மூன்று ஜன்னல்களையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது. பெயரும் மாறவில்லை. அந்த வார்த்தையை அவர் சொல்வது அபூர்வமாகிவிட்ட பிறகும் ‘நாளைக்கு அக்கா’தான்.

ஆய்வு முடிந்த அன்று இடைவேளை தாமதமாகவே கிடைத்தது. அக்கா செருப்பு தேய ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மாமனார் கட்டிலில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையைக் கழுவி, சாதத்தைக் குழைத்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்தார். தாடையைச் சரி செய்தார்.

“என்ன சொன்னாங்க? இருக்கியா, போறியா?”

“இருக்கேன் மாமா.”

“அப்போ இன்னிக்கே சாப்பிடலாம்” என்று சொல்லி மாமனார் வாயைத் திறந்தார். அக்கா முதல் கரண்டியை நல்ல பக்கத்தில் வைத்துவிட்டு, தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.